சொந்தமில்லை என்று ஒரு கையெழுத்து

கிருசாந்திக்குக் காலையிலிருந்து ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. ஒருக்கால் ஜன்னல், ஒருக்கால் கணினி, பிறகு காரணமே இல்லாமல் கைகழுவும் தொட்டி. பன்னிரண்டு மணிக்குள் பதில் போகாவிட்டால் காப்புறுதிக் கொம்பனி அவளோடு செய்த ஒப்பந்தத்தை முறித்துவிடும். பிறகென்ன, ஹொல்ஸ்டெப்ரோ என்ற டெனிஷ் ஊரில் பேக்கரிக்குப் பக்கத்தில் இரண்டு அறையில் அவள் நடத்தும் புண் பராமரிப்புக் கிளினிக்குக்குப் பூட்டுத்தான்.

டொக்டராக இருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை. அரசாங்கம் அவருக்கு ஒரு இலக்கம் கொடுக்கும், அதைப் போட்டு அவர் பில் அனுப்புவார். பதினெட்டு வருசம் ஆஸ்பத்திரியில் புண்களோடு மாரடித்த நேர்ஸுக்கு அந்த இலக்கம் கிடையாது. எட்டு மாதம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தனியார் கொம்பனியிடம் வாங்கிய ஒப்பந்தம்தான் அவளுக்கு எல்லாம். அதிலே ஒரு விதி: சொந்தக்காரருக்குச் செய்த சிகிச்சைக்குப் பில் போடக்கூடாது. இந்த ஊரில் எனக்கு ஆர் சொந்தம் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தவள் அவள்.

போன கிழமை கொம்பனிக்காரி ஒருத்தி அவளிடம் வைத்தியத்துக்கு வரும் செல்வரட்ணத்துக்கு ரெலிபோன் எடுத்துச் சிகிச்சை எப்படி என்று கேட்டிருக்கிறாள். மனுசன் இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருசம் நின்றவர், அந்த வேலையோடு வந்த காப்புறுதி. சர்க்கரை வியாதி. இடது குதிக்காலில் ஆறு மாதமாக ஆறாத புண். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வைத்தாரா? கிருசாந்தி என்ர தங்கச்சியின்ர மகள் என்று டெனிஷில் பெருமையாக அடித்துவிட்டிருக்கிறார். அவர் மன்னார் வேதக்காரர், இவள் புங்குடுதீவுச் சைவம். எந்தத் தங்கச்சி, எங்கே பெற்றவள்? உறவில்லை என்று அவர் கையெழுத்து வைத்த கடிதம் இன்று பன்னிரண்டுக்குள் வரவேணும் என்று கொம்பனி சொல்லிவிட்டது.

பத்தரைக்கு அவர் வந்து கதிரையில் காலை நீட்டினார்.

"ஏன் மாமா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சொந்தம் எண்டாக் கூட மதிப்பாங்கள் எண்டு நினைச்சன் பிள்ளை. எங்கட ஆக்களிட்ட அப்பிடித்தானே?"

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. விசர் மனுசன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பழைய கட்டை அவிழ்த்தாள். புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் பிடித்திருந்தது. ஆறு மாதத்தில் இப்போதுதான். கழுவி, மருந்து வைத்து, புதுக் கட்டுப் போடத் தொடங்கினாள். அது பாதியில் நிற்கும்போது மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"என்ன எழுதிக் கிடக்கு?"

"எனக்கும் உங்களுக்கும் ஒரு உறவும் இல்லை எண்டு. நீங்கள் சொன்னது பொய் எண்டு."

செல்வரட்ணம் கடிதத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். பிள்ளை குட்டி இல்லாத மனுசன். இரண்டு வருசத்துக்கு முன் மனைவி மேரிகிறேஸ் செத்தபோது பெட்டி பிடித்ததிலிருந்து தேத்தண்ணி ஊற்றியதுவரை கிருசாந்தியும் புருசனும்தான். மரண அறிவித்தலில் மருமக்கள் வரிசையில் அவள் பெயரை அவரே போட்டார். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"கையெழுத்து வைக்காட்டி?"

"கிளினிக்கைப் பூட்டவேணும், மாமா."

"பேனையைத் தா."

கண்ணாடியைப் போட்டு, எழுத்தெழுத்தாக அழுத்தி வைத்தார். அவள் கடிதத்தை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து அவர் காலை மடியில் எடுத்தாள். இனி அனுப்புகிற பொத்தானை அமத்தவேண்டியதுதான்.

"பிள்ளை, நான் செத்தா நோட்டீசில உன்ர பேரை எந்த வரிசையில போடுவாங்கள்?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. கட்டுத்துணி இன்னும் இரண்டு சுற்றுப் பாக்கி இருந்தது. அவளுக்குக் கண் மங்கி, துணியின் நுனி பிடிபடவில்லை.

"காலை ஆட்டாதேங்கோ, மாமா," என்றாள். அவர் ஆட்டவே இல்லை. மேசையிலிருந்த கணினித் திரையில் கடிதம் அனுப்பாமல் நின்றது. மணி பதினொன்று ஐம்பது.