ஒதுக்கிப் போட்ட பட்டைகள்

எண்பத்திரண்டு டிகிரியிலேயே பிளாஸ்டிக் பட்டை வளைந்துவிட்டது. இயந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்தேன். அன்று காலையில் சோதனைத் தொட்டியின் எண்ணெயை மாற்றியிருந்தேன். புது எண்ணெய் ஊற்றினால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் போய் நல்ல பட்டையை வீணாக்குவானேன் என்று, வேண்டாமென ஒதுக்கிப் போட்ட டப்பாவிலிருந்து மூன்றை எடுத்தேன். இரண்டு முனைக்கும் தாங்கல் கொடுத்து, நடுவில் எடையை வைத்து, எண்ணெயில் இறக்கிச் சூட்டை ஏற்றினேன். நூற்று நாற்பத்தைந்து வரை அசையாமல் நிற்க வேண்டிய பொருள். இரண்டாவது எண்பத்தொன்பதில் வளைந்தது. மூன்றாவது எண்பத்து நான்கில். பிறகு ஒரு நல்ல பட்டையை வைத்துப் பார்த்தேன். அது சமர்த்தாக நூற்று நாற்பத்தாறு வரை நின்றது. இயந்திரத்தில் கோளாறு இல்லை. கோளாறு பொருளில்.

இந்தப் பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு நாலு பங்கு களிமண். சட்டி பானை செய்கிற மண் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்கே தெரியாத மெல்லிய தகடுகளாகப் பிரிகிற மண். அதற்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகவே ஆகாது, ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்திகள் மாதிரி. அதனால் மண்ணுக்கு ஒரு ரசாயனப் பூச்சு கொடுத்துச் சேர்த்து வைக்கிறார்கள். நன்றாகக் கலந்துவிட்டால் சூட்டுக்கு அசைந்து கொடுக்காது. கலக்காவிட்டால் மண் அங்கங்கே திரண்டு, கடுகளவு புள்ளியாகத் தெரியும். மற்ற இடமெல்லாம் வெறும் பிளாஸ்டிக்தான்.

புள்ளி விழுந்த பட்டையை நாங்கள் சோதிப்பதில்லை. பத்து வார்த்தால், பார்வைக்கு நல்லதாக ஐந்தைப் பொறுக்கி எடுப்போம். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த அக்கா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். பழைய பிளாஸ்டிக்கில் அது சரிதான். புள்ளி என்றால் அச்சில் இருந்த அழுக்கு, பொருளின் மேல் பழி கிடையாது. மண் கலந்த புதுப் பொருள் வந்தபோதும் என் கை தன்பாட்டுக்குப் பொறுக்கிக்கொண்டே இருந்தது. இதில் புள்ளிதான் பொருளின் லட்சணமே என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஏழு மாதம். ஒவ்வொரு சோதனைத் தாளிலும் என் கையெழுத்து.

இந்தப் பிளாஸ்டிக்கில் வார்ப்பது ஒரு சின்னக் கிளிப். பேருந்து என்ஜினில், டீசல் குழாயைக் கொதிக்கிற புகைக்குழாயின் மேல் படாமல் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். பட்டால் குழாய் உருகித் தீப்பிடிக்கும். முன்பு இரும்பில் இருந்தது. அந்த இடத்தில் சூடு நூற்றுப் பத்தைத் தாண்டும். என் வீட்டுக்காரர் ஓட்டுவது அந்த மாதிரிப் பேருந்தைத்தான்.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். எது கேட்டாலும் நேற்றே கேட்டதுபோல் குதிப்பார். அன்றைக்கு மட்டும் அவர் அவசரப்படவே இல்லை. நான் எழுதிக் கொண்டுபோன சோதனைத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"டப்பாவில இன்னும் எத்தனை இருக்கு?"

"இந்த மாசத்தோடது மட்டும் நாப்பது சார். பழசெல்லாம் அரைக்கப் போயிடுச்சு."

"இதையும் அனுப்பிடு."

"சார், கிளிப் எல்லாம் வண்டியில ஏறிடுச்சு."

"ஏழு மாசமா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. ஒண்ணும் ஆகலையே." தாளை நான்காக மடித்தார். "கையெழுத்து உன்னோடதும்மா. அதையும் யோசிச்சுக்கோ."

குரலில் கோபமே இல்லை. அரை நாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன்.

என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். உள்ளே கூட்டம் நிரம்பியிருந்தது.

"ஏங்க, வண்டிய எடுக்காதீங்க."

"நல்லா இருக்கே. இத்தனை பேரையும் நீ தூக்கிட்டுப் போவியா?"

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். சிரிப்பு போய்விட்டது. இருக்கைக்குப் பக்கத்திலிருந்த என்ஜின் மூடியைத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"கிளிப் தொஞ்சு போய்த்தான் இருக்கு. இதோட வாகே இப்படித்தான்னு நெனச்சிருந்தேன்."

டீசல் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழைகிற இடம்கூட இல்லை. அவர் பெட்டியிலிருந்து கம்பி எடுத்து, குழாயைத் தூக்கி இழுத்துக் கட்டினார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மத்த வண்டிங்க?" என்றேன்.

"நம்ம வண்டியப் பாத்தாச்சுல்ல. நீ வீட்டுக்குப் போ."

"எல்லாத்துலயும் அதே கிளிப்தாங்க."

"தெரியுது. வெளிய சொன்னா மொதல்ல என்ன கேப்பாங்க? கையெழுத்து யாருதுன்னு கேப்பாங்க." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "உள்ள தூக்கி வச்சா நான் எங்க போயி நிக்கிறது? சொன்னாக் கேளு. போ."

அவர் பயந்து நான் பார்த்ததில்லை. எனக்காகத்தான் பயந்தார். அது புரிந்தது, அதனால் இன்னும் பயமாக இருந்தது.

அவர் வண்டி போய்விட்டது. பக்கத்தில் வரிசையாகப் பதினோரு வண்டிகள் நின்றன. முதலாவது கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது. நான் நடந்து போய் அதன் முன்னால் நின்றேன். ஓட்டுநர் ஹார்னை அழுத்தினார், பிறகு அழுத்திய கையை எடுக்கவே இல்லை. முன்பக்கக் கம்பிகளின் வழியாக என்ஜின் சூடு என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.