முகம் திருப்பிய நூலகம்

ஒரு திங்கட்கிழமை காலையில் நகர நூலகம் பெரிய தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தூண்களும் அகலப் படிகளும் கொண்ட முகப்பு பின்பக்கத்துச் சந்துக்குப் போய்விட, கழிவறைக் குழாய்கள் தெருவைப் பார்த்தன. சுவரில் கீறல் இல்லை. அலமாரியில் ஒரு புத்தகம்கூடச் சரியவில்லை. பால்காரர் வழக்கம்போல மணியடித்துவிட்டுப் போனார்.

காரணம் எதிரே எழும்பிய கண்ணாடிக் கட்டடம். அதை வரைந்தவள் நூலகரின் தங்கை. குறை சொல்ல முடியாத வரைபடம்: நூலகத் தூண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவே ஒவ்வொரு கண்ணாடிக்கும் அகலம், இரண்டுக்கும் கூரை ஒரே மட்டம். பழையதும் புதியதும் நல்ல சம்பந்திகள் மாதிரி மரியாதையாகப் பார்த்துக்கொள்ளும் என்று அக்காவிடம் சத்தியம் செய்திருந்தாள். கட்டடத்து முதலாளி விட்டாரா? மேலே இரண்டு மாடி ஏற்றி, கண்ணாடியை மறைத்து முகப்பு முழுக்க ஊதாத் தகடு அடித்தார். "அழகை வச்சு நாக்கு வழிக்கவா? நாலு பேரு திரும்பிப் பார்க்கணும்மா," என்றார். இவளும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். திரும்பியது நூலகம் ஒன்றுதான். அதுவும் அந்தப் பக்கம்.

அன்றோடு அக்காவும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். வாசகர்கள் சந்து வழியாகப் போகப் பழகிக்கொண்டார்கள். நகராட்சி பெயர்ப்பலகையை இடம் மாற்றியது. அதற்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். ஒரு கட்டடத்துக்கு இருந்த ரோஷம் இந்த மனிதர்களில் ஒருவருக்காவது இருந்ததா? கேட்டாலே வயிறு எரிகிறது.

சில வருஷம் பொறுத்த தங்கை ஒருநாள் முதலாளியிடம் போய், "தகட்டைக் கழட்டுங்க, இல்லேன்னா கல்வெட்டுல இருக்கிற என் பேரைக் கழட்டுங்க," என்றாள். "பேரைக் கழட்டுறது சுலபம்," என்று அவர் சிரித்தார். மறுநாள் பட்டப்பகலில் தன் செலவில் சாரம் கட்டி ஏறியவள், தகடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே எறிந்தாள். முதலாளி தொண்டை கிழியக் கத்தினார். இப்போதுதான் நாலு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசித் தகடு விழுந்ததும் நூலகம் பாதி திரும்பியது. பாதிதான். இன்றைக்கும் தெருவுக்குக் குறுக்காகவே நிற்கிறது. நகராட்சி நடைபாதையை அதற்கேற்ப வளைத்துப் போட்டுவிட்டது. அக்காவும் பேச ஆரம்பித்தாள், முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு.

"இன்னும் ரெண்டு மாடி இருக்குடி," என்றாள்.

தங்கை சாரத்தைப் பிரிக்கச் சொல்லவில்லை.