எதிர்க்கடைக்கும் போகும் மயில்

"செவ்வாய், 14 ஒக்டோபர் 2025. இன்று என் பிழை: புது மென்பொருளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்று கடைக்கார அக்காவிடம் சொன்னேன். அதைத் திருத்த வருகிறவருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை."

எழுதிவிட்டு யதுஷா பேனாவைக் கடித்தாள். பிழை அது ஒன்றுதானா என்பது அவளுக்கு நிச்சயமில்லை.

பகலில் அவளுக்கு வெள்ளவத்தையில், ஜெகதீஸ்வரியின் எம்பிராய்டரிக் கடையில் வேலை; மாலையில் பம்பலப்பிட்டியில் கணினி வகுப்பு. பூ, மயில் டிசைன்களைத் தையல் மெஷினுக்கு அனுப்புகிற பழைய மென்பொருள், அதை விற்ற ஏஜென்ட் தந்த யூஎஸ்பி சாவியொன்றைக் கணினியில் செருகினால்தான் திறக்கும். போன வாரம் சாவி செத்துப்போனது. ஏஜென்டோ எப்போதோ வெளிநாடு போய்விட்டார். கடையின் டிசைன்கள் அத்தனையும் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பிளவுஸ் கொடுத்தாக வேண்டும்.

யாரும் எடுத்துப் பாவிக்கவும் திருத்தவும் கூடிய வேறொரு மென்பொருளைப் பற்றி வகுப்பில் கேட்டுவந்து யதுஷாதான் போட்டாள். டிசைன்கள் திறந்தன. துணியில் மட்டும் மயிலின் கழுத்து சிவப்பாக வந்தது.

"இது மயிலோ, சேவலோ?" என்றாள் ஜெகதீஸ்வரி.

இன்று கிராண்ட்பாஸிலிருந்து, மென்பொருள் திருத்தத் தெரிந்த ரிப்கானைக் கூப்பிட்டார்கள். அவன் மென்பொருளின் உட்பக்கத்தை விரித்து, நிறங்களின் வரிசையைப் பிழையாக வாசிக்கிற இடத்தைத் தேடித் திருத்தினான். கழுத்து நீலமானது. கூலி கேட்டான். ஜெகதீஸ்வரி யதுஷாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான்.

"அக்கா, இந்தத் திருத்தத்த மென்பொருள் செஞ்ச ஆக்களுக்கு அனுப்பட்டா? அடுத்த பதிப்புல எல்லாருக்கும் போகும்," என்றான் ரிப்கான்.

"எல்லாருக்கும் எண்டால்? எதிர்க்கடை மேனுகாவுக்குமோ?"

"அவங்க பாவிச்சா, ஓம்."

"என்ர காசில அவளுக்கு மயிலோ? தம்பி, உமக்கென்ன விசரோ?"

"அனுப்பாட்டியும் பரவால்ல. ஆனா புதுப் பதிப்பு வார நேரமெல்லாம் இதத் திரும்பப் போட என்னையத்தான் கூப்பிடணும். எனக்கு நல்லந்தான்," என்று சிரித்தான் ரிப்கான்.

"குடுத்தால் செலவில்லை, ஒளிச்சு வைச்சால் செலவோ? எடி யதுஷா, இதென்ன கணக்கு?"

யதுஷாவுக்கும் தலை சுற்றியது. "அக்கா, எங்கட பழைய டிசைனைத் திறக்கிற பகுதி இந்த மென்பொருளில முந்தியே இருந்தது. அதையும் ஆரோ ஒரு கடைக்காரர் காசு குடுத்துச் செய்விச்சிருப்பார் போல."

"ஆர்?"

"தெரியாது."

"மேனுகாவா இராதே?"

"இராது. எண்டுதான் நினைக்கிறன்."

ஜெகதீஸ்வரி தெருவுக்கு அப்பால் மேனுகாவின் பெயர்ப்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "திருத்தினது ஆரின்ர செலவில எண்டு போடுவினமோ?"

"கடைப் பேரப் போடலாம் அக்கா," என்றான் ரிப்கான்.

"அப்ப அனுப்பும். ஆனால் வெள்ளிக்குப் பிறகு. பிளவுஸ் முதல்ல வெளிக்கிடட்டும்."

யதுஷா நாட்குறிப்பில் தொடர்ந்தாள்: "இதில் யாருக்கு லாபம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாளை: கடை திறந்ததும் பிளவுஸின் இடது கைக்கு மயில் தைக்க வேண்டும். முதலில் நீல நூல்."