நீலம் போட்ட தொப்பி

1

இந்தக் கதை எனக்கு ஒரு சலவை வாளியிலிருந்து கிடைத்தது. கடலைப் பார்த்து மனம் உருகி எழுதினேன் என்று புளுக மாட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “சூரியன் மருதமுனைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்தபோது, மேனுஜாவின் கண்களில்—”

வெட்டியாயிற்று. எங்கள் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புமே தவிர, அதில் விழாது. அந்திக்கு அது சம்மாந்துறை வயல் பக்கம் போய்விடும். கடலுக்கு மிஞ்சுவது மங்கல் வெளிச்சம்.

2

மேனுஜா கல்முனையில் கலியாண வீடுகளுக்குப் படம் பிடிப்பவள். தன் ஆசைக்குப் பிடிப்பது, பொழுது மங்கும் செக்கல் நேரத்துக் கடலை. அந்த மங்கலில் கமெராவுக்கு நிறம் தடுமாறும். இதுதான் வெள்ளை என்று ஒரு பொருளைக் காட்டிக்கொடுத்தால், மற்ற நிறங்களை அதை வைத்துச் சரிசெய்துகொள்ளும். வைட் பேலன்ஸ் என்பார்கள். அதற்கான அட்டையை அவள் வீட்டில் மறந்து வந்திருந்தாள். கூட வந்த கணவன் சப்ரி தன் தொழுகைத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான். அவள் அதைக் கமெராவுக்குக் காட்டினாள்.

தோணியும் கடலும் தேத்தண்ணி நிறத்தில் வந்தன.

“தொப்பிக்கு என்ன செஞ்சீங்க?”

“கழுவி நீலம் போட்டன் புள்ள. கொஞ்சம் கூடிப்போச்சு.”

வெள்ளை பளிச்சென்று தெரிய நாம் நீலம் போடுகிறோம். கமெராவோ அந்த நீலத்தையே வெள்ளையென்று நம்பி, படம் முழுக்க மஞ்சளை ஏற்றிவிட்டது.*

மேனுஜா சிரித்தாள். பிறகு படத்தை மறுபடி பார்த்தாள். அன்று கரைவலை நிறையக் கீரிமீன். கரையெல்லாம் ஒரே ஆரவாரம். அந்தச் சந்தோசம் அப்படியே படத்தின் மஞ்சளில் இருந்தது. அதில் கைவைப்பதில்லை என்று முடிவுசெய்தாள்.

* (குற்றம் சப்ரியுடையதுதான். ஆனாலும் கேட்டவுடன் தொப்பியைக் கழற்றித் தருகிற கணவன் எத்தனை பேருக்கு வாய்க்கிறான்?)

3

படம் கொழும்பில் ஒரு கண்காட்சிக்குத் தெரிவானது. அவளுக்கு அதுவே முதல் கண்காட்சி. அமைப்பாளர் தொலைபேசியில் ஒரு நிபந்தனை வைத்தார்: சுனாமி கண்ட கிழக்குக் கரை என்றால் துயரம் தெரிய வேண்டும், படத்தை நீலமாக்கி அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுவரில் இடமில்லை.

[நானும் இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பந்தி எழுதினேன். கடல் கொண்டுபோன உறவு ஒன்றைக்கூட அவளுக்காக உண்டாக்கி— மேனுஜா தாளுக்குள்ளிருந்து முறைத்தாள். “அண்டைக்கு நாங்க சிரிச்சம். அத எழுத ஒங்களுக்கு என்ன கஷ்டம்?” பந்தியைக் கிழித்தேன்.]

இந்த முறை மட்டும் நீலமாக்கிக் கொடு, பேர் வந்த பிறகு உன் இஷ்டம் என்றான் சப்ரி. அதிலும் நியாயம் இருந்தது. அந்தச் சுவர் அவளுக்கு வேண்டும். மிகவும் வேண்டும்.

4

முடிவுகள்:

அவள் நீலமாக்கி அனுப்புகிறாள், எல்லோரும் கைதட்ட— மாட்டேன்.

அமைப்பாளர் மனம் மாறி— அவ்வளவு நல்ல அமைப்பாளரை நான் சந்தித்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். அவள் அவருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“நீலம் தொப்பியில இரிக்கி சேர். என்ட கடலில இல்ல. படத்த இப்பிடியே போடுங்க, ஏலாட்டி விடுங்க.”

தொப்பிக் கதை அவருக்கு விளங்கியிருக்காது. உங்களுக்கு விளங்கும். படம் சுவரேறியதா என்று என்னைக் கேட்காதீர்கள். சுத்தியலும் ஆணியும் இனி உங்கள் கையில். எந்தச் சுவரில் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள். நிறத்தை மட்டும் மாற்றத் தர மாட்டேன்.