ஒரு பக்கமா, இரண்டு பக்கமா

வலக்கை நடுவிரல் வீங்கினால் இடக்கை நடுவிரலும் வீங்குகிறது. இங்கே இருக்கும் நோவை அங்கே போய் யார் சொல்கிறார்கள்?

தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆசியா உம்மா இதையே யோசித்தாள். அறுந்த இழை ஒன்று கண்ணெதிரே கிடந்தது. முடிச்சுப் போட விரல்கள் ஒன்றையொன்று தொட மறுத்தன. வெயில் வேலியைத் தாண்டித் தறிமேல் விழும்வரை, காலையில் அவை மடங்குவதே இல்லை. பக்கத்து வீட்டு வளவில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் தொடங்கியது. இப்போது அவளுக்குச் சோற்றை யாராவது ஊட்டிவிட வேண்டும். ஆசியாவுக்கு வயது முப்பத்திரண்டு. இடுப்பில் உடுக்கும் சாரம் நெய்வதைத் தவிர அவளுக்கென்று வேறொன்றும் இருந்ததில்லை.

மூன்று நாளாகக் கபில நிறப் போத்தலிலிருந்து துளி மருந்து குடிக்கிறாள். வயிறு இளகிப் போனது. விரல் அப்படியே இருந்தது.

அது அவளுடைய அண்ணன், மீராசாஹிப் காக்காவுக்குக் குணம் தந்த மருந்து. போன மாதம் அவருக்குக் காலின் பெருவிரல் சிவந்து வீங்கியது. மட்டக்களப்பு டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா கொடுத்த துளி இரண்டே நாளில் அவரை நடக்க வைத்தது. ஏதோ கிழங்கிலிருந்து எடுப்பதாம். வாதமென்றால் எல்லாம் ஒரே வாதம்தானே என்று வீட்டில் முடிவாயிற்று. ஆசியாவின் புருஷன் ஆதம்பாவா டவுனுக்குப் போய் அதே மருந்தை வாங்கி வந்தார்.

"ஐயாட்ட என்ட கையப் பத்தி என்ன சொன்னீங்க?" என்று அன்று பகல் சாப்பாட்டின்போது கேட்டாள்.

ஆதம்பாவா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கையெண்டு சொல்லல்ல. காலெண்டு சொன்னன்."

"ஆர்ட கால்?"

"என்ட காலுதான். இரிக்கிற வாங்கு நிறைய நம்மட ஊர்ச்சனம். அதுகளுக்கு முன்னால பொஞ்சாதிர கையப் பத்தி எப்பிடிகா பேசுற? நொண்டிக்கொண்டு போனன். ஒருவர் எழும்பி இடமும் தந்தார், பாவம்."

ஆசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதில் புதிதாக ஒன்றுமில்லை. அந்தத் தெருவில் பெண்களின் நோய்கள் ஆண்களின் வாயில் ஏறித்தான் டவுனுக்குப் போகும், மருந்தாகத் திரும்பும். அவளும் அதைப் பிழையென்று எண்ணியதில்லை. காய்ச்சலை யார் சொன்னாலும் காய்ச்சல்தானே.

"ஐயா ஒண்டும் கேக்கல்லியா?"

"கேட்டார். ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா எண்டார். விடிய விறைக்குமா, வேலை செய்தா நோகுமா எண்டார். சின்ன வயசில தொண்ட நொந்து காய்ச்சல் வந்திச்சா எண்டும் கேட்டார். நான் காக்காட கதையச் சொன்னன்."

"மறுகா?"

"அந்தக் காய்ச்சல் வாதத்துக்கு ஒரு தூள் இரிக்காம். ரெண்டு கையிலயும் ஒண்டுபோல வந்தா இந்தத் துளி சரிவராதாம். அப்பிடிச் சிலபேருக்குக் கொழும்பில தங்கத்த ஊசியால ஏத்துறாங்களாம்."

"ரெண்டு கையிலயும் எண்டு சொன்னாரா?" அவள் குரல் தணிந்தது. "அப்பவும் நீங்க வாய் திறக்கல்லியா?"

"புள்ள, எந்தக் காலால நொண்டி உள்ளுக்குப் போனனெண்டு மறந்திட்டன். அதையே யோசிச்சிக்கொண்டு இருந்தன்."

கோபப்பட நேரமில்லாத அளவுக்கு ஆசியாவின் மனம் அந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கமா, இரண்டு பக்கமா. ஐயா மருந்தைத் தேடவில்லை, நோயைத் தேடியிருக்கிறார்.

பின்னேரம் காக்கா வந்ததும் முதல் வேலையாக அவருடைய கால் நோவை விசாரித்தாள்.

"சாமத்தில வந்த நோவு, புள்ள. ஆணி அடிச்ச மாதிரி. ஈ இருந்தாலும் கத்துவன்."

"மத்தக் கால்?"

"அதுக்கென்ன, அது சும்மா கிடந்த. நீ என்ன, மருந்து குடுக்கிற பரியாரி வேலைக்குப் போகப்போறியா?"

தன்னைப் பெற்ற உம்மாவின் முழங்காலைப் பற்றியும் கேட்டாள். இருந்தால் சுகம், நடந்தால் நோவு, சூடாக்கிய வேப்பெண்ணெய் தேய்த்தால் கொஞ்சம் இலேசு என்றார் உம்மா. ஆசியாவும் அந்த எண்ணெயைத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். மணம்தான் மிஞ்சியது. அவளுக்கோ வேலை செய்யச் செய்யத்தான் விரல்கள் இளகும். சும்மா இருந்தால் இறுகும்.

அப்படியானால் ஒரே வீட்டில் மூன்று நோய்கள். எல்லாவற்றையும் ஒரே பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள். தன் நோயை இதுவரை யாரும் பார்த்ததே இல்லை என்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. அவளே இன்றுதான் பார்க்கிறாள்.

அவள் சொன்னதையெல்லாம் ஆதம்பாவா கேட்டுக்கொண்டார். போத்தலை அவரே எடுத்துக் கூரை இறப்பில் செருகினார். விடிந்ததும் வெள்ளைச் சாரம் உடுத்திக்கொண்டு தறியருகே வந்து குந்தினார்.

"இண்டைக்குக் கையெண்டே சொல்றன். என்ட கை. ரெண்டு பக்கமும், விடியவில விறைப்பு. சரியா? விரல எப்பிடி வச்சிக்கொள்ற, ஒருக்காக் காட்டு. நானும் அப்பிடியே வச்சிக்கொண்டு போறன்."

தன் விரல்களை நண்டுபோல் வளைத்துப் பிடித்தார். நல்ல தடித்த, நோவறியாத விரல்கள். பொய்யை இம்முறை சரியாகச் சொல்லிவிட வேண்டுமென்ற கவலை அவர் முகத்தில் இருந்தது. அந்தக் கவலை முழுக்கத் தனக்காகத்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஊசி ஏற்றினால் சிலருக்கு வாய் புண்ணாகுமாம், சிறுநீரைச் சோதித்துச் சோதித்துத்தான் ஏற்றுவார்களாம் என்று ஐயா சொன்னதாக நேற்று இன்னொன்றும் சொன்னாரே. யாருடைய வாயை, யாருடைய சிறுநீரைப் பார்ப்பார்கள்?

"காட்டு புள்ள, நேரம் போகுது."

ஆசியா கைகளை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் காட்டமாட்டன்," என்றாள், குரல் உயராமல். "நான் ஏறிப்போக மாட்டுக் கரத்தைக்குச் சேலை மறைச்சிக் கட்டச் சொல்லுங்க. ஐயாட்டத்தான் காட்டுவன்."