பின்னால் கட்டிய கை

வெளிநாட்டில் நாலு வருஷம் தொண்டு ஊழியனாக ஊர் ஊராகக் கைப்பம்பு மாட்டிவிட்டு வந்தவன், சொந்த வீட்டுச் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு கொட்டியபோது என்ன செய்தான் என்பதை அவன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இனி மறைத்துப் பயனில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தொப்பலாக நனைந்து, குழாயின் வாயைக் கரித்துணியால் பொத்திக்கொண்டிருந்த அம்மாவிடம், "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டான்.

பெற்றவளை 'நீ' என்றே பேசி வளர்ந்தவன். திடீரென்று வந்த மரியாதையைக் கேட்டு, அம்மா பொத்திய துணியை எடுக்காமலே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன்னைப் பெத்ததுக்கு ஒரு பிளம்பரைப் பெத்திருக்கலாம்னு தோணுது" என்றாள்.

தண்ணீர் கூடம்வரை வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கை புருஷன் எச்சில் கையோடு எழுந்து போய், அடியில் இருந்த வால்வை மூடினான். மூடிவிட்டு வந்து, தொண்டருக்குக் கால் வலிக்கும், ஒரு நாற்காலி போடுங்கள் என்றான். அன்றிலிருந்து வீட்டில் அவன் பெயர் தொண்டர்.

அவன்மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. அவனை அனுப்பிய அமைப்பின் வேலைமுறை அப்படி. பயிற்சியின் முதல் நாளே ஒரு துண்டை எடுத்து அவன் கையைப் பின்னால் கட்டிவிட்டார்கள். ஸ்பேனர் பிடித்தே வளர்ந்த கை. காரணம் ரொம்பச் சின்னது. நீ ஒரு நாள் கிளம்பிவிடுவாய், பம்பு அங்கேயே இருக்கும். ஆகவே பழுது பார்க்கிற கை அந்த ஊர்க் கையாக இருக்க வேண்டும். நீ, உங்களுக்கு என்ன தோணுது என்று கேள்வி மட்டும் கேள். முதல் வருஷம், பொறுக்க முடியாமல் ஸ்பேனரைப் பிடுங்கி மூன்று தடவை மாட்டிக்கொண்டான். மூன்றாம் வருஷம் துண்டே தேவைப்படவில்லை. எங்காவது தண்ணீர் சொட்டினால் கை தானாகப் பின்னால் போனது.

கடைசி ஊரில் பம்பைப் பார்த்துக்கொண்ட பெண் ஒருத்தி இருந்தாள். தோள் அகலமானவள், வாய் சிக்கனம். கிளம்புகிற நாளன்று அவளிடம் சொல்ல நாலு வரி தயார் செய்துகொண்டு போய் நின்றான். அவள் நிமிரக்கூட இல்லை. கொஞ்சம் தள்ளி நில், பைப்பைப் படுக்க வைக்க இடம் வேண்டும் என்றாள். நாலு வரியையும் விழுங்கிவிட்டுத் தள்ளி நின்றான். தான் இனித் தேவையில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எவனுக்கும் கிடைக்காது என்று விமானம் முழுக்க நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

வீட்டில் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. காரணம், கடை.

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டுகிற அந்தக் கடையை ஆரம்பித்தது அவன். போகும்போது தங்கையிடம், "ரெண்டு வருஷம் பார்த்துக்கோ, வந்து திரும்ப வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கடையில் போன் எடுப்பது. ரெண்டு நாலானது. இடையில் காயில் கட்டுகிறவர் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் வராமல் இருந்ததில், அவளே உட்கார்ந்து கட்டப் பழகினாள். ரெண்டு மோட்டாரை எரித்தாள். மூன்றாவது ஓடியது. காயில்காரர் திரும்பி வந்தபோது அவருக்கே குறை சொல்கிற அளவுக்குத் தேறியிருந்தாள். இப்போது அந்த வட்டாரத்தில் அதற்குப் பெயர் அக்கா கடை. பலகையில் மட்டும் இன்னும் அவன் பெயர்.

வாங்கிக்கொள்ளப் போகிறானா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்கே தெரியவில்லை. கடை இல்லையென்றால் இந்த ஊரில் தான் யார் என்றும் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அம்மா போகிற போக்கில், "கடைக்கு எப்போ போறே?" என்பாள். தங்கையின் வாய் ஒரு நொடி மெல்லுவதை நிறுத்தும்.

ஊர் வந்த ஆறாம் நாள் கடைக்குப் போனான். அவனைக் கண்டதும் தங்கை நாற்காலியை விட்டு எழுந்தாள். தன் கண்ணாடியையும் சாப்பாட்டு டப்பாவையும் மேசையிலிருந்து எடுத்து முன்னமே பையில் போட்டிருந்தாள். ஒரு துணியால் நாற்காலியைத் துடைத்து, "உக்காருண்ணா" என்றாள்.

உட்கார்ந்தான். அவள் உயரத்துக்கு இறக்கி வைத்த நாற்காலி, முட்டி மேசையில் இடித்தது. தங்கை உள்ளே வேலையாகப் போய்விட்டாள். முதலில் வந்த மூன்று பேரும் அவனைத் தாண்டி எட்டிப் பார்த்து, அக்கா இல்லையா என்று கேட்டார்கள். மூன்றாமவர் நல்ல மனிதர், போகும்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா, நல்ல இடம், விட்டுவிடாதீர்கள் என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார். காயில்காரருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

நான் இல்லாமல் நடக்க வேண்டும் என்று நாலு வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவனுக்கு, தான் இல்லாமல் தன் கடை நடப்பது சுருக்கென்று தைத்தது. அப்போது பெண்கள் விடுதியிலிருந்து போன் வந்தது. காயில் கட்டி அனுப்பிய மோட்டாரை இன்றைக்கே மாட்ட வேண்டும், காலையிலிருந்து தண்ணீர் இல்லை. தங்கை கருவிப் பையை எடுப்பதற்குள் இவன் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"நான் போறேன்."

அவள் மறுக்கவில்லை. பையின் வார் இற்றுப்போயிருக்கிறது, பாதி வழியில் அறுந்தால் ஆள் வேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டு கூடவே வந்தாள்.

விடுதியின் பின்பக்கத்தில் அவன் கை ஒரு தடவைகூடப் பின்னால் போகவில்லை. மோட்டாரைத் தூக்கி வைத்தான், போல்ட்டை இறுக்கினான், மூன்று ஒயரையும் மாட்டினான், ஸ்விட்சைத் தட்டினான். மோட்டார் கம்பீரமாகச் சத்தம் போட்டது. மாடித் தொட்டியில் தண்ணீர், சளி பிடித்த குழந்தையின் மூக்குபோல ஒழுகியது.

இணைப்பை இறுக்கினான். பைப்பில் காற்று நிற்கிறதா என்று பார்த்தான். அடியில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டினான். அரை மணி நேரம் போனது. ஒழுகல் ஒழுகலாகவே இருந்தது. மாடியில் வாளியோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். வார்டனம்மா அவனிடம் எதுவும் கேட்கவில்லை. "அக்கா, நீங்க ஒரு கை பாருங்களேன்" என்றாள்.

அவன் திரும்பினான். தங்கை சுவர் ஓரமாக நின்றாள். கை ரெண்டும் பின்னால்.

"உங்களுக்கு என்ன தோணுது?" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் அவனை 'உங்களுக்கு' என்றதில்லை. காதுமடல் சூடேறியது. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் அவள் முகத்தில் பாதிதான் கிண்டல். மீதி நிஜமாகவே காத்திருந்தது. ஸ்விட்சைத் தட்டிய முதல் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதும், அரை மணி நேரமாக வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் அவனுக்குப் புரிந்தது. அந்தக் கஷ்டம் அவன் பட்டது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து மோட்டாரின் மேல் கை வைத்தான். நாலு வருஷமாகப் பார்த்ததெல்லாம் கைப்பம்பு. அது மேலே போகும், கீழே வரும். அதற்குத் திசை கிடையாது.

"தலைகீழா சுத்துது" என்றான்.

"ம்."

"ரெண்டு ஒயரை மாத்திக் குடுத்துட்டேன்."

"ம்."

கடையில் சேர்ந்த முதல் வாரத்தில் எவனும் செய்கிற தப்பு. மாற்றி மாட்டித் தட்டினான். மாடியில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. பெண்கள் கத்தினார்கள்.

மோட்டாரை நிறுத்தினார்கள். மாடிக்குப் போகிற பழைய பைப்பில் ஓரிடத்தில் விரிசல்; அதை எடுத்துவிட்டு, விடுதியில் வாங்கி வைத்திருந்த புதுப் பைப்பை மாட்டுகிற வேலை பாக்கி இருந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். சொல்ல ஏதோ சேர்ந்திருந்தது.

"கடை விஷயமா ஒண்ணு..." என்று ஆரம்பித்தான்.

தங்கை தோளில் புதுப் பைப்போடு வந்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுண்ணா. பைப்பைப் படுக்க வைக்க இடம் வேணும்."

அவன் தள்ளி நின்றான். அங்கே கிடைத்த அதே சான்றிதழ். இந்த முறை இனிக்கவில்லை. ஆனாலும் போலி இல்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டான்.

பைப்பை இறக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"யாரு?"

"நான்தான். எத்தனை மணிக்கு?"

"எட்டரை." கொஞ்சம் விட்டு, "நாற்காலி?" என்றாள்.

"முட்டி இடிக்குது. எனக்கு ஒரு ஸ்டூல் போதும்."

அவள் குனிந்து கிளாம்பை முடுக்க ஆரம்பித்தாள். ரெண்டு சுற்றில் முடிகிற கிளாம்பு. பத்துச் சுற்று முடுக்கினாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. விடுதிப் பின்பக்கத்தில் தூசி அதிகம்.

பிறகு நிமிராமலே சொன்னாள்.

"அந்த முனையைப் பிடி."

"பிடிக்கலாமா?"

"பிடிண்ணா. இங்க கை கட்டி நின்னா சோறு கிடையாது."