சிறப்புப் பாராட்டு

சாருலதா தன் பெயரை விளம்பரப் பலகையில் பார்த்தது கிங்ஸ் சர்க்கிள் பஸ் நிறுத்தத்தில். 'ஏக் பால்டி தூப்' என்ற இந்திப் படத்தின் விளம்பரம் அது. கதாநாயகி ஷைஸ்தா இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றாள். கன்னத்தில் கவனமாகத் தடவிய அழுக்கு. தலைக்கு மேலே ஒரே ஒரு ஆங்கிலச் சொல்: அன்ஃபர்கெட்டபிள். மறக்க முடியாதது. அதன் கீழே சாருலதா வெங்கடேஸ்வரன் என்ற பெயரும் அவள் வேலை பார்க்கும் நாளிதழின் பெயரும்.

சொல் அவளுடையதுதான். ஆனால் அவள் எழுதியிருந்த வாக்கியம் வேறு. "பேராச்சி என்ற புதியவர் வரும் காட்சிகள் மறக்க முடியாதவை, மற்றதெல்லாம் இடைவேளைக்குள்ளேயே மறந்துவிடும்" என்று எழுதியிருந்தாள்.

மாட்டுங்காவில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கிருந்தே இருபது வருஷமாக சினிமா விமர்சனம் எழுதுகிறவள் அவள். அந்தப் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களில் பாதிப்பேருக்கு அவளைத் தெரியும். காய்கறிப் பையோடு நின்ற ஒரு மாமி, "படம் அவ்வளவு நன்னாவா இருக்கு? இந்த ஞாயித்துக்கிழமை போகலாமா?" என்று கேட்டாள். சாருலதா தலையை எப்படி ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

அங்கிருந்தே நகுலுக்கு போன் செய்தாள்.

நகுல் செம்பூர்ப் பையன். அதே நாளிதழில் அவளுக்குக் கீழே வேலை கற்றவன். நன்றாக எழுதுவான் என்று அவள் நம்பியிருந்தாள். இப்போது படங்களுக்கு விருது வாங்கித் தருவது அவன் தொழில். யாருக்கு எந்தப் பிரிவில் விண்ணப்பம் போடுவது, எந்த நடுவருக்கு எப்போது தனித் திரையிடல் வைப்பது, ஷைஸ்தா எந்தப் பேட்டியில் அழுவது எல்லாம் அவன் முடிவு செய்வான். அதற்கு கேம்பெயின் என்று பெயர்.

செம்பூரில் நகைக்கடை மாடியில் இருந்த அவன் அலுவலகத்துக்குப் போனாள். காபி வந்தது.

"சாருக்கா, கோபப்படாதேங்கோ. நாங்க எதையும் சேர்க்கலையே. நீங்க எழுதின வார்த்தைதானே," என்றான்.

"மீதி எங்கேடா?"

"ஹோர்டிங்ல எடம் எவ்வளவு இருக்கும்? அதுவுமில்லாம யார் கேக்கப் போறா? உங்க எடிட்டர் கேட்டாரா? இல்லையே. உங்க பேப்பர்லயே ஃபுல் பேஜ் விளம்பரம் போயிண்டிருக்கு."

அவள் காபியைத் தொடவில்லை. "சரி, சுவர்ணபட் விருதுக்கு நானும் ஒரு ஜூரி, தெரியுமில்லையா? பேராச்சிக்குத்தான் என் ஓட்டு. துணை நடிகை."

நகுல் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பழைய கூச்சம் வந்து போனது.

"அவ பேர் என்ட்ரில இல்லைக்கா."

"அப்படின்னா?"

"நாங்க போடலை. ஷைஸ்தாவை மட்டும்தான் போட்டிருக்கோம். பேராச்சி பேர் லிஸ்ட்ல வந்தா எல்லாரும் அவளைப் பத்தியே பேசுவா. அம்மாவா வந்தவ நடிச்சிருக்கா, பொண்ணா வந்தவ நடிக்கலைம்பா. நீங்களே அப்படித்தானே எழுதினேள்? புரொட்யூசர் பார்த்துட்டு, அவ பேரை எடுன்னுட்டார்."

"என் விமர்சனத்தைப் படிச்சுட்டு எடுத்தாரா?"

"நான் அப்படிச் சொல்லலை," என்றான் நகுல். ஆனால் சொல்லியிருந்தான்.

பேராச்சி தாராவியில் பை தைக்கும் பட்டறை ஒன்றில் ஜிப் வைப்பவள். ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து கிராஸ் ரோட்டில்தான் இருக்கிறாள். படப்பிடிப்புக்காரர்கள் சந்து வழியை மறித்து விளக்கு நட்டபோது, பட்டறைக்குப் போக வழி விடச் சொல்லிச் சண்டைக்கு வந்தவளை டைரக்டர் அப்படியே படத்தில் சேர்த்துவிட்டார். கதையில் அவள் ஷைஸ்தாவின் அம்மா. மகன் ரயிலில் அடிபட்டுச் செத்த செய்தி வரும்போது மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பேராச்சி அழவில்லை. அடுப்பைத் தணித்துவைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, செய்தி சொன்னவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் செய்தாள். பிரஸ் ஷோவில் சாருலதாவுக்குப் பக்கத்தில் இருந்தவன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். இருபது வருஷத்தில் அந்த மாதிரி ஒரு காட்சியை அவள் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாருலதா தாராவிக்குப் போனாள். சந்து முனையில் கேட்டதும் வழி சொன்னார்கள். அறையில் பேராச்சி புதுச் சேலை ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா. பேப்பர்ல எழுதுனது நீங்கதானாமே? எம் மவன் செல்வம் வாசிச்சுச் சொன்னான். இருங்க, டீ போடுதேன்."

"டீ வேண்டாம்மா. உக்காருங்கோ."

"சினிமா கம்பெனியில குடுத்தாவ, விருதுக்குக் கெட்டிக்கிட்டு வரணும்னு. நான் விருதுக்கு நிக்கேன்லா," என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் பெயரே விண்ணப்பத்தில் இல்லை என்பதைச் சொல்லாமல் திரும்பிவிடலாமா என்று சாருலதா ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு சொன்னாள். பேராச்சி சேலையை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"அப்ப என்னை எதுக்கு ஊர் ஊரா கூட்டிட்டுப் போறாவ? டெல்லிக்குப் போனேன். காலேஜ் காலேஜா போனேன். டிவியில மீன்கொழம்பு வைக்கச் சொன்னாவ, வச்சேன். பட்டறையில சேட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் ஏசுதான்."

"உங்களை வச்சு ஷைஸ்தாவுக்கு விருது வாங்கறா. நான் இதை எழுதப் போறேன்."

"எழுதாதீங்க." குரல் உயரவில்லை. ஆனால் அதில் கெஞ்சலும் இல்லை. "அடுத்த படம் எனக்குத் தாரோம்னு சொல்லியிருக்காவ. அதுல நெறைய நாள் வேலையாம். அது கையெழுத்தாகட்டும். அதுவரைக்கும் ஒண்ணும் எழுதாதீங்கம்மா."

சாருலதா சரி என்றாள்.

எழுதவில்லை. ஆனால் நடுவர் கூட்டத்தில் சண்டை போட்டாள். பாந்த்ராவில் ஒரு ஓட்டலின் மூடிய அறை. பெயர் விண்ணப்பத்தில் இல்லாவிட்டால் பரிசீலிக்க முடியாது என்றார்கள். விதிகளை வரவழைத்துப் படித்தாள். நடுவர் குழு தானாகவே ஒருவருக்குச் சிறப்புப் பாராட்டு தரலாம் என்று ஒரு விதி இருந்தது. பேராச்சியின் அந்தக் காட்சியைத் திரையில் போடச் சொன்னாள். போட்டார்கள். முடிந்தது. தலைவராக இருந்த வயதான ஒளிப்பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதுக்கு மேல என்ன பேச இருக்கு?" என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள்.

அன்று ஓலா பிடிக்காமல் பாந்த்ரா ஸ்டேஷன் வரை நடந்தே போனாள் சாருலதா. விமர்சகர் என்பவருக்கும் உலகத்தில் ஏதோ ஒரு உபயோகம் இருக்கத்தான் செய்கிறது என்று அந்த ஒரு நாள் மட்டும் நினைத்தாள்.

விழா அன்று மதியம் மூன்று மணிக்கே அவளுக்கு போன் வந்தது. பேராச்சிதான்.

"அம்மா, என்னை ஒரு சின்ன ரூம்ல வச்சு ஒரு கண்ணாடிக் கேடயம் குடுத்தாவ. இங்க எல்லாம் லைட்டு போடுறவுக, சத்தம் பிடிக்கிறவுகளா இருக்காவ. இதுதானா அது?"

சிறப்புப் பாராட்டு, தொழில்நுட்பப் பிரிவுகளோடு சேர்த்துப் பக்கத்து அறையில் கொடுக்கப்பட்டுவிட்டது. மேடையில் நேரம் இல்லையாம். கேமரா எதுவும் அங்கே இல்லை. கேடயத்தில் ஆங்கிலத்தில் பேராசி என்று செதுக்கியிருந்தது.

"அதுதான்மா," என்றாள் சாருலதா.

"சரி. சாயந்தரம் மேடைக்கும் வரணும்னு நகுல் தம்பி சொல்லுதாரு."

மேடைக்கு ஏன் என்று சாருலதாவுக்கு மாலையில்தான் தெரிந்தது. சிறந்த நடிகை ஷைஸ்தா என்று அறிவித்தார்கள். அதைக் கொடுக்க வருகிறவர், படத்தில் அவளுடைய அம்மா, நிஜத்தில் தாராவியின் அம்மா, என்று தொகுப்பாளர் குரலை நடுங்கவைத்துச் சொன்னார். பேராச்சி கம்பெனிச் சேலையில், இரண்டு பெண்கள் கையைப் பிடித்து நடத்திவர, வெளிச்சத்துக்குள் வந்தாள். ஷைஸ்தா அவள் காலில் விழுந்தாள். அரங்கம் எழுந்து நின்றது. பேராச்சி தங்கச் சிலையை எடுத்துக் கொடுத்தாள். ஷைஸ்தா ஒரு கையில் சிலையையும் இன்னொரு கையில் பேராச்சியின் கையையும் உயர்த்திப் பிடித்து, "இது என்னுடையது இல்லை, இவர்களுடையது" என்று அழுதாள்.

மைக் பேராச்சியிடம் வந்தது. மனப்பாடமாகக் கற்றுக்கொடுத்திருந்த இந்தி வாக்கியத்தைச் சொன்னாள்: "மேரி பேட்டி ஜீத் கயி." என் மகள் ஜெயித்துவிட்டாள். பிறகு மைக்கைத் திருப்பித் தராமல் தமிழில், "நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். இசை எழுந்தது. தொகுப்பாளர் கை தட்டிக்கொண்டே மைக்கை வாங்கிக்கொண்டார். ஷைஸ்தா சிலையோடு இடது பக்கம் போனாள். பேராச்சியை வலது பக்கம் கூட்டிப் போனார்கள்.

இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த நகுல் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் செல்போனில் அந்த மேடைக் காட்சி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சாருலதா எழுதினாள். விளம்பரத்தில் வெட்டிய வாக்கியம், போடாமல் விட்ட பெயர், பக்கத்து அறைக் கேடயம், பிடுங்கிய மைக் எல்லாவற்றையும் எழுதினாள். எழுதும்போது பேராச்சிக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இல்லாமல் இல்லை. இவ்வளவு நடந்த பிறகு அந்த வாக்குக்கு என்ன அர்த்தம் என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள். பேராச்சியிடம் கேட்கவில்லை.

ஆசிரியர் அனந்த் கட்டுரையைப் படித்துவிட்டு அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"நன்னா எழுதியிருக்கே சாரு. ஆனா நாம அந்த விருதுக்கு மீடியா பார்ட்னர். முதல் பக்கத்துல படம் போட்டிருக்கோம். அடுத்த நாளே இதைப் போட்டா எப்படி இருக்கும்?"

"உண்மையா இருக்கும்."

"இருக்கும். வேற எங்கயாவது இருக்கட்டும்."

இணையத்தில் தன் சொந்தப் பக்கத்தில் போட்டாள். முதல் நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் ஷைஸ்தாவின் ரசிகர்கள் வந்தார்கள். சாருலதாவின் வயதை, முகத்தை, கல்யாணம் ஆகாததை எல்லாம் எழுதினார்கள். மூன்றாம் நாள் கம்பெனி ஒரு வீடியோ வெளியிட்டது. அதே கிராஸ் ரோடு அறை. பேராச்சி நேராக உட்கார்ந்து, "எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஷைஸ்தா எம் மவ மாதிரி. யாரோ தேவையில்லாம எம் பேரை இழுக்காவ" என்றாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் அவள் கண் பக்கவாட்டில் போய் வந்தது, யாரோ எழுதிப் பிடித்திருப்பதைப் பார்ப்பதைப்போல. அந்த வீடியோவை லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். அந்த வாரம் படம் மறுபடி தியேட்டர்களுக்கு வந்தது.

அடுத்த படத்தின் அறிவிப்பு மழைக்காலத்துக்கு முன்னால் வந்தது. அதிலும் ஒரு தாராவி அம்மா உண்டு. நடிப்பவர் பாந்த்ராவில் இருக்கும் பெயர்பெற்ற நடிகை. கறுப்புப் பூச்சோடு அவள் எடுத்துக்கொண்ட படத்தை எல்லாரும் பாராட்டினார்கள்.

சாருலதா தாராவிக்குப் போனபோது காலை எட்டு மணி. பேராச்சி வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். தோளில் பை, கையில் டிபன் டப்பா.

"பட்டறைக்கா?" என்று கேட்டாள் சாருலதா.

"பட்டறையில வேற ஆள் போட்டாச்சு. நான் டெல்லி டெல்லின்னு சுத்துனேன்லா. இப்ப கோபர்கைரனேல ஒரு கம்பெனியில பேக்கிங் வேலை. குர்லா போய் ரயில் மாறணும்."

"உங்களைப் பேச வச்ச அந்த வீடியோ..."

"பேசச் சொன்னாவ, பேசுனேன். பேசுனா அடுத்த படம் எனக்கு நிக்கும்னாவ. நிக்கல." பேராச்சி கதவைச் சாத்திப் பூட்டை மாட்டினாள். "எழுதாதீங்கன்னு சொன்னேன்லாம்மா உங்ககிட்ட."

"சொன்னேள். ஆனா அவா எப்படியும் அந்த ரோலை உங்களுக்குக் குடுத்திருக்க மாட்டா. உங்களை ஏமாத்திண்டுதான் இருந்தா."

"இருக்கலாம். குடுக்கலைன்னா, கடைசி வரை பாத்துட்டுக் குடுக்கலைன்னு தெரிஞ்சிருக்கும். இப்ப அவங்க, உங்களாலதான் போச்சுன்னு சொல்லுதாவ. நீங்க, அவங்களாலதான் போச்சுன்னு சொல்லுதிய. எனக்கு எது நெசம்னு இனி எப்படித் தெரியும்?"

சந்தில் ஒரு டெம்போ பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. இருவரும் சுவரோடு ஒதுங்கினார்கள்.

"நான் உங்களுக்காகத்தான் எழுதினேன்," என்றாள்.

"நான் கேட்டேனாம்மா?"

டெம்போ போய்விட்டது. பேராச்சி சேலையைத் தட்டிச் சரிசெய்தாள். "கோவமில்ல. ஆனா இனிமே சினிமாக்காரங்க யாரும் இங்க வர வேண்டாம்னு செல்வத்துக்கிட்ட சொல்லிட்டேன்."

"நான் சினிமாக்காரி இல்லைம்மா. பத்திரிகைக்காரி."

பேராச்சி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பகை இல்லாத பார்வைதான்.

"நீங்களும் சினிமாக்காரங்கதான்," என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க நடந்தாள்.

சந்து முனை வரை அவள் முதுகு தெரிந்தது. சாருலதா அவள் போன வழியைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தாள். பகல் ஒரு மணிக்கு அந்தேரியில் ஒரு பிரஸ் ஷோ இருந்தது. அதற்குப் போய்ச் சேரும் நேரத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.